ஜித்ராவில் நான் வாடகைக்கு எடுத்த வீடு சாலையைக் கடந்த கதை

வெளிநாட்டில் வாடகை வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். கூரையைப் பார், குழாயைத் திறந்து பார், முன்பணத்துக்கு ரசீது வாங்கு என்கிறார்கள். எல்லாம் சரிதான். நான் ஏழு வயதில் கப்பலில் மலாயாவுக்கு வந்து கெடாவில் குடியேறியவள். என் முதல் வாடகை வீட்டை ஜப்பான்காரன் காலத்தில் பிடித்தேன். அதில் நான் கோட்டை விட்ட மாதிரி வேறு யாரும் விட்டிருக்க மாட்டார்கள், என்னைப் போல ஜெயித்தவர்களும் இருக்க மாட்டார்கள். இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன். வீடு பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு உதவும்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் அது. குருண் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் நானும் என் வீட்டுக்காரர் முனியாண்டியும் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். ரப்பரை வாங்க ஆளில்லாமல் போனதும் வேலை நின்றது. எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் லாரி வர ஆரம்பித்தது. சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதம்தான் என்று சொல்லி ஆண்களை ஏற்றிப் போனார்கள். மூன்று மாதம் போய் இன்னும் மூன்று மாதம் ஆகியும் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றாமல் வாசலை ஒட்டியே படுப்பார். நாய் குரைத்தால் எழுந்து ரப்பர் காட்டுக்குள் ஓடிவிடுவார். நான் அப்படியே உட்கார்ந்து விடியும்வரை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில் காதர் அண்ணனிடமிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. சண்டைக்கு முன்னால் எங்கள் லயத்துக்குச் சைக்கிளில் துணி கொண்டுவந்து விற்றவர், இப்போது ஜித்ராவில் டீக்கடை போட்டிருந்தார். கடைக்கு விறகு பிளக்கவும் கிழங்கு மாவு அரைக்கவும் முனியாண்டியை வைத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் ஜித்ராவில் எங்களுக்கென்று ஒரு வீடு இருக்க வேண்டும். இருந்தால்தான் அந்தக் கம்பத்து, அதாவது கிராமத்து, தலைவர் எங்கள் பெயரைத் தன் ஊர்க் கணக்கில் சேர்ப்பார், லாரிக்கு ஆள் எடுக்கப் பார்க்கும் எஸ்டேட் கணக்கிலிருந்து பெயர் போகும். வீடு கிடைத்தால் என் புருஷன் எனக்கு மிஞ்சுவார், அவ்வளவுதான் கணக்கு. ஆண்பிள்ளை ரோட்டில் போனால் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் வீடு பார்க்க நான் கிளம்பினேன்.

லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இரண்டு மைல் நடை. நான் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் கடிகாரத்தில் எட்டு மணி, வெளியே அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. ஊரிலுள்ள கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்த காலம். பஸ்ஸுக்கும் பெட்ரோல் கிடையாது. பின்னால் ஓர் இரும்பு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். அலோர் ஸ்டார் வரை இருபது மைலுக்கு ஒரு வெள்ளி கேட்டார்கள், டாலரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சின்ன மேடு வந்தால்கூட பஸ் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

டிரைவர் திரும்பிப் பார்த்து, “எறங்கித் தள்ளுங்கலா. சீட்டு வாங்கிட்டா சும்மா ஒக்காரலாம்னு யாரு சொன்னா?” என்றார்.

“தள்ளுறவங்களுக்குப் பாதிக் காசு திருப்பித் தருவியாண்ணே?” என்று கேட்டேன்.

“தள்ளாதவங்ககிட்ட இன்னும் பாதி வாங்குவேன்” என்றார். இறங்கித் தள்ளினேன்.

ஜெராய் மலை பின்னால் போனதும் இரண்டு பக்கமும் வயல்தான். அலோர் ஸ்டாரில் வேறு பஸ் பிடித்து, மேலும் பன்னிரண்டு மைல் போய் ஜித்ராவில் இறங்கும்போது உச்சி வெயில். முகமெல்லாம் கரி. காதர் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார், அப்புறம்தான் வாங்க என்றார்.

வீடு கடையிலிருந்து அரை மைல், பெரிய ரோட்டை ஒட்டினாற்போல் இருந்தது. சொந்தக்காரர் பாக் மாட் என்ற மலாய்க்கார விவசாயி. வயலோரம் புதுவீடு கட்டிக்கொண்டு போனதால் பழையது காலியாகக் கிடந்தது. உயரமான தூண்கள், பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, ஏறிப்போக ஒரு மரப்படி. லயத்தில் ஒரே அறையில் பத்து வருடம் இருந்தவளுக்கு அது அரண்மனை. ஆனால் முகத்தில் காட்டவில்லை. விலை பேசப் போகிற இடத்தில் பல்லைக் காட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

நான் பார்த்த பார்வையை நீங்களும் பார்க்க வேண்டும். வெயில் நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்தி அண்ணாந்து பார்த்தேன், எங்கெல்லாம் ஒளி புள்ளியாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் மழை வரும். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். பால் வெட்டுகிற கத்தியைக் கையோடு கொண்டு போயிருந்தேன், அதன் முனையால் ஒவ்வொரு தூணாகக் குத்திக் கரையான் இருக்கிறதா என்று பார்த்தேன். தூணில் பழைய வெள்ளத்தின் சேற்றுக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பார்த்தேன். பக்கத்தில் சண்டையின்போது வெட்டிய குழிகளில் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்த்தது. மூடித் தர வேண்டும் என்றேன். பாக் மாட் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

கடைசியாக வீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தபோது வசமாக ஒரு குறை கிடைத்தது. தூண் ஒன்றுகூட மண்ணில் ஊன்றியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கல்லின் மேல் சும்மா நின்றது.

“அண்ணே, இவரு கடக்கால் தோண்டாம வீட்டைத் தூக்கிக் கல்லு மேல வச்சிருக்காரு. காத்தடிச்சா போயிடும். மாசம் ஆறு வெள்ளி கேக்குறாரே, எப்படிக் குடுக்குறது?” என்றேன்.

காதர் அண்ணன் அதை மலாயில் சொன்னதும் பாக் மாட் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

“இங்க அப்படித்தான் வைப்பாங்களாம், தங்கச்சி. காத்து கொண்டுபோவாதாம், மனுசன் கொண்டுபோனாத்தான் உண்டுங்குறாரு.”

“கிண்டலா பண்றாரு? அஞ்சு வெள்ளின்னா சரி, இல்லேன்னா நான் கெளம்புறேன்.”

மாதம் ஐந்து வெள்ளிக்கு முடிந்தது. காதர் அண்ணன் தமிழில் எழுத, அதன் கீழேயே பாக் மாட் அரபு மாதிரி இருக்கும் ஜாவி எழுத்தில் எழுத, நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்த கெத்தில் ராஜம்மாள் என்று பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தத்தில் கிணறு இருந்தது, படி இருந்தது, கொசுக்குழி கூட இருந்தது. வீடு நிற்கிற நிலம் யாருடையது என்று மட்டும் நான் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று சிரிக்காதீர்கள். எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே லயமும் எஸ்டேட்டுடையது, லயத்தின் கீழே உள்ள மண்ணும் எஸ்டேட்டுடையது, கிணறும் கோயில் மரமும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் எஸ்டேட்டுடையதுதான். வீட்டுக்கு ஒருவர், அதன் அடியில் உள்ள மண்ணுக்கு வேறொருவர் என்று உலகத்தில் ஒரு வழக்கம் இருக்கும் என்று எங்களுக்குச் சொன்னது யார்?

முனியாண்டியைக் காதர் அண்ணன் கடைக்குக் கரி ஏற்றிவரும் லாரியில் வரவழைத்தோம். மூட்டைகளுக்கு நடுவில் கரியோடு கரியாக வந்து இறங்கினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன், சிரித்து எத்தனை மாதமாகியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. பகலில் கடையின் பின்கட்டிலேயே வேலை செய்தார். ரோட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. மாதக் கடைசியில் கம்பத்துத் தலைவர் வந்து வீட்டைப் பார்த்துப் பெயரை எழுதிவிட்டால் தப்பித்தோம்.

அதற்குள் ஒருநாள் காலை, கையில் குடையோடு ஒரு பெரியவர் வந்து படிக்குக் கீழே நின்றார். ஊரில் தோக் ஹாஜி என்று கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்த, கடைவீதியில் பேசும் பாசார் மலாயில் நான் புரிந்துகொண்டது இதுதான். நிலம் அவருடையது. பாக் மாட்டின் அப்பாவுக்கு வாய்வார்த்தையாகத் தந்த இடம். இப்போது எல்லோரும் கிழங்கு நட்டாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மழைக்கு முன்னால், இந்த மாதத்துக்குள், வீடு இங்கிருந்து போக வேண்டும்.

மாதக் கடைசியில் வீடு இல்லையென்றால் பெயர் இல்லை, பெயர் இல்லையென்றால் திரும்ப லயம், திரும்ப லாரி. விஷயத்தை முனியாண்டியிடம் சொன்னேன். அன்று சட்டையைப் போட்டுக்கொண்டே படுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. விடிந்ததும் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, காதர் அண்ணனையும் இழுத்துக்கொண்டு பாக் மாட்டின் வயலுக்கே போனேன்.

“நெலம் வேறாளுதுன்னு ஏன் சொல்லலன்னு கேளுங்கண்ணே.”

பாக் மாட் உண்மையாகவே விழித்தார். “இதெல்லாம் தெரியாதவங்க உண்டாங்குறாரு” என்றார் காதர் அண்ணன். அதன்பிறகு பாக் மாட் நிதானமாக ஏதோ சொல்ல, அண்ணன் முகம் மாறியது. “தங்கச்சி, வீடு ஒப்பந்தப்படி உன்னுதுதானாம். எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லு, ஆளுங்களக் கூட்டித் தூக்கி வச்சிடலாங்குறாரு.”

“வீட்டையா?”

“வீட்டைத்தான். அதுக்குத்தான் கல்லு மேல நிக்குது.”

வயல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வெள்ளியைக் குறைக்க நான் கண்டுபிடித்த குறை அது.

இனி இடம் வேண்டும். நேரே தோக் ஹாஜியிடம் போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கல்லும் சரளையுமாக ஒரு துண்டு மேட்டு நிலம் கிடப்பதை வந்த நாளிலேயே பார்த்து வைத்திருந்தேன். அங்கே கிழங்கு பிடிக்காது. இந்தப் பக்கத்து நிலத்தில், வீட்டைச் சுற்றி, இடுப்பளவு லாலாங் புல். அதை வெறுமனே வெட்டினால் பத்து நாளில் மறுபடி முளைக்கும், வேரோடு கிண்டி எடுக்க வேண்டும். அந்த வேலையில் எங்களை ஜெயிக்க ஆளில்லை, எஸ்டேட்டில் செய்து செய்து கை காய்த்தவர்கள். நீங்கள் மேட்டைத் தாருங்கள், நாங்கள் இந்த நிலத்தைச் சுத்தமாக்கிக் கிழங்கும் நட்டுத் தருகிறோம் என்றேன். அவர் என் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டச் சொன்னார், பார்த்தார், “பொலே” என்றார். ஆகும் என்று அர்த்தம். விடுவேனா, அந்த மேடு யாருடையது, எத்தனை வருடத்துக்கு என்று எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிய பிறகுதான் நகர்ந்தேன்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கம்பமே வந்து கூடியது. நாற்பது பேருக்குக் குறையாது. மூங்கிலையும் பாக்கு மரத்தையும் குறுக்கும் நெடுக்குமாகத் தூண்களில் கட்டினார்கள். பாத்திரம் பண்டத்தை எடுக்க வேண்டாம் என்றார் பாக் மாட், அடுப்பை மட்டும் அணைத்தேன். பிறகு அவர் முனியாண்டியின் தலையில் ஒரு துண்டைக் கட்டி, இடுப்பில் ஒரு சாரோங்கைச் சுற்றி, சமையற்கட்டுப் பக்கத்து மூங்கிலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“ரோட்ல யாராச்சும் பாத்துட்டா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“எல்லாரும் வீட்டைத்தான் பாப்பாங்க, நீ தோளைக் குடு” என்றார் காதர் அண்ணன்.

சத்து, டுவா, தீகா என்று எண்ணும் ஒரு குரல் எழுந்தது. என் வீடு கல்லை விட்டு எழும்பியது. நடக்க ஆரம்பித்தது. நான் ஓடி ஓடிக் கூடவே போனேன், உள்ளே சட்டி உருளுவது கேட்டது. ரோட்டின் நடுவே பாதி வந்தபோது வடக்கே போகிற ராணுவ லாரி ஒன்று வளைவில் திரும்பி வந்தது. எங்கள் லயத்துக்கு வந்த அதே மாதிரி லாரி. என் நெஞ்சு நின்றுவிட்டது. வீடு மட்டும் நிற்கவில்லை.

லாரி நின்றது. முன்னால் இருந்த சிப்பாய்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் பக்கத்தில் இருந்தவனைத் தட்டி, கூரையைக் காட்டிச் சிரித்தான். அவர்கள் தேடுகிற மாதிரி ஆள், திடகாத்திரமான முப்பது வயதுத் தமிழன், அவர்கள் மூக்குக்கு முன்னால் வியர்வை சொட்டச் சொட்டப் போய்க்கொண்டிருந்தான். அவனும் அவன் வீடும் ரோட்டைக் கடந்து முடிகிறவரை லாரி காத்திருந்துவிட்டுப் போனது. அந்த மேட்டில் முன்னமே பதித்து வைத்த பன்னிரண்டு கல்லின் மேலும் தூண்கள் இறங்கியபோது நான் குலவையிட்டேன். மலாய்க்காரப் பெண்கள் திகைத்துப் பார்த்துவிட்டு அவர்களும் கூடச் சேர்ந்து கத்தினார்கள். அவித்த கிழங்கும் தேங்காய்ப்பூவும் மிளகாய் சம்பலும் எல்லோருக்கும் வயிறாரப் போட்டேன்.

மாதக் கடைசியில் கம்பத்துத் தலைவர் வந்தார், படியேறி உட்கார்ந்து பெயரை எழுதினார். அதே வாரம் எங்கள் லயத்திலிருந்து இன்னும் பலரை ஏற்றிப் போனதாகக் கேள்விப்பட்டோம். அவர்கள் பெயரையெல்லாம் இன்றும் வரிசையாகச் சொல்லுவேன். ஆனால் என் புருஷனை நான் காப்பாற்றினேன் என்பதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

ஆகவே வெளிநாட்டில் வீடு பார்க்கிறவர்களே, கூரை, தண்ணீர், கரையான் எல்லாம் பாருங்கள். வீடு யாருடையது என்று கேட்ட கையோடு நிலம் யாருடையது என்றும் கேளுங்கள். நம் ஊரில் இல்லாத வழக்கம் எதைக் கண்டாலும் குறை என்று விலை பேசுவதற்கு முன்னால், அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் கிண்டல் என்று நினைப்பதையும் முழுதாக விளக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் பாக் மாட் கேட்காமலே நானாக ஆறு வெள்ளி கொடுத்தேன். அவர் தூணடிக் கல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சுவரில் ஓர் ஆணி வேண்டும். கம்பத்துத் தலைவர் வந்துபோன மறுநாள் காலை நான் எழுந்தபோது வெயில் உள்ளே வந்திருந்தது, வெளியே யார் வீட்டு நாயோ விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. முனியாண்டி வெற்றுடம்போடு வீட்டின் நட்டநடுவில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் சட்டை ஆணியில் தொங்கியது.