எந்தப் பக்கத்திலும் இல்லாத விதி

வாசலில் நிற்கும் உங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் தண்டாயுதபாணி உங்களுக்கு வணக்கம் சொல்வார். "பின்னாடி பம்பர்ல கீறல் இருக்கே, பழசா புதுசா?" என்பதுதான் பெரும்பாலும் அவருடைய முதல் விசாரிப்பு. வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எங்கே நசுங்கியது, எதனால் நசுங்கியது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதுகிற மனிதர் அவர். மனிதர்களையும் கொஞ்சம் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்.

அந்த அறிக்கைகளில் நடக்காததைச் சொல்லும் வரி ஒன்றுகூட இருக்காது. "கண்ணால பாக்காதத எழுதுனா அந்தக் கை என்னத்துக்கு?" என்பார். சொந்த மைத்துனர் முருகப்பனின் கார்க் கதவில் இருந்த பழைய பள்ளத்தைப் புது விபத்தோடு சேர்த்து எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த வருஷப் பொங்கலுக்கு முருகப்பன் இவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "இவுகளுக்கு வாக்குச் சுத்தம் சாஸ்தி. அதான் எங்க வீட்டுக்கு விருந்தாளி கம்மி" என்று மனைவி தேனம்மை எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி அடித்தால் செக்காலை ரோட்டில் தன் அலுவலக மாடியறையில் உட்கார்ந்து, பூதங்களையும் பாழடைந்த கோட்டைகளையும் பற்றிக் கூசாமல் கதை விடுவார். அந்த ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. இவர்களுக்கு அது வெறும் ‘கோட்டை’. பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயித்தவன் தோற்றவன் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து ‘நான் கதவை உடைக்கிறேன்’, ‘நான் பின்பக்கமாகப் போகிறேன்’ என்பார்கள். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். வழக்கு வந்தால் தீர்க்க ஒரு தடிமனான விதிப் புத்தகம்.

புத்தகம் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் விட்டுவிட்டுப் போனது. இரண்டாம் பதிப்பு. அதைத் தண்டாயுதபாணி மட்டும்தான் தொடலாம். ஆடுகிறவர்களும் படித்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்பது அவர் போட்ட முதல் சட்டம். ஆங்கிலத்தில் இருப்பதை அவர் தமிழில் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். காரைக்குடியில் இந்த ஆட்டத்துக்கு வேறு ஆள் ஏது? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. ஆனால் இந்த இலுப்பைப் பூ நிஜமாகவே இனித்தது. கதையில் யாருக்காவது வெட்டு விழுந்தால் தொழில் வந்து எட்டிப் பார்க்கும்: "இடது தோள்ல மூணு அங்குலப் பள்ளம். எலும்பு தப்பிச்சிருச்சு. கவசத்த மாத்தித்தான் ஆகணும், ஒட்டுப் போட்டா நிக்காது."

ஆடுகிறவர்கள் மூன்று பேர், ஒன்பது வருஷமாக. கோவிலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் அருள்பாண்டி, அவருடைய டிராக்டர் கவிழ்ந்ததைப் பார்வையிடப் போன இடத்தில் பழக்கமானவர். கிருத்திகா கல்லூரி மாணவியாக வந்து சேர்ந்தாள், இப்போது பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறாள். ஈஸ்வரிக்குச் சிவகங்கையில் அரசு அலுவலகத்தில் வேலை. மழையோ வெயிலோ, ஞாயிறு மதியம் பஸ் ஏறி வந்துவிடுவாள்.

மூவரும் உயிராக நினைப்பது ‘கைகொடுப்பு’ என்கிற விதியை. பாத்திரம் ஒன்று செத்து விழுந்தால், மற்றவர்கள், தங்கள் பாத்திரத்திடம் இருப்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கும் தாளிலிருந்து, பிடித்த ஏதாவது ஒன்றை ஆளுக்கொன்றாக அடித்துவிட வேண்டும். அடித்தால் விழுந்தவர் எழுவார். அருள்பாண்டியின் வீரன் இப்படிக் குதிரையை இழந்திருக்கிறான், கேடயத்தை இழந்திருக்கிறான். ஒருமுறை கிருத்திகாவின் பாத்திரத்தைக் காப்பாற்றத் தன் சொந்த ஊர் எது என்கிற நினைவையே அடித்துவிட்டான். அன்றைக்கு அருள்பாண்டி மேல்துண்டால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தூசி என்றார்.

போன தை மாதம் மூன்றாம் பதிப்பு வந்தது. புதுப் பதிப்பைத் திட்டாதவன் ஆட்டக்காரனே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "இருக்கறது நல்லாத்தானே ஓடுது? சும்மா இருக்க மாட்டாய்ங்களா?" என்று அட்டையைக்கூடப் பார்க்காமலே குதித்தார் அருள்பாண்டி. ஈஸ்வரி, பழசே போதும் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள். கிருத்திகாதான் துணிந்து வரவழைத்தாள். பழைய சட்டம் பழைய புத்தகத்துக்குத்தான், இது தன் காசில் வாங்கியது என்று சொல்லி, இரண்டே நாளில் முழுக்கப் படித்தும் விட்டாள். சண்டை விதிகள் சுருக்கமாகியிருந்தன, மந்திரங்கள் தெளிவாகியிருந்தன. ஒரு ஞாயிறு ஆடிப் பார்த்ததில், முன்பு அரை நாள் இழுத்த சண்டை டீ ஆறுவதற்குள் முடிந்தது. "இது தேவல" என்று அருள்பாண்டியே மனமில்லாமல் ஒத்துக்கொண்டார்.

அப்புறம் கிருத்திகா மெதுவாகச் சொன்னாள். "ஆனா கைகொடுப்பு இல்லண்ணே. எடுத்துட்டாங்க."

அருள்பாண்டி எழுந்தே விட்டார். "எடுத்துப்புட்டாய்ங்களா? ஆட்டத்தோட உசுரே அதுதானப்பா! விழுந்தவன விட்டுட்டுப் போறதுக்கு நாம எதுக்கு மெனக்கெட்டு உக்காந்து ஆடணும்? எழுது தாயி, அவய்ங்களுக்கு ஒரு கடுதாசி எழுது. இங்கிலீஷ்ல நல்லாக் கேளு."

"விடுங்கப்பா. வெளிநாட்டுக்காரன் நமக்கு எங்க பதில் போடப் போறான்" என்றார் தண்டாயுதபாணி. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மூவர் பெயரும் போட்டு மின்னஞ்சல் அன்றைக்கே போய்விட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஒன்பது வருஷம் ஆகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாம் பதிப்பிலும் அப்படி ஒரு விதி இல்லை. ஆட ஆரம்பித்த இரண்டாவது ஞாயிறு, ஈஸ்வரியின் பாத்திரம் பாலத்திலிருந்து விழுந்து செத்தது. அப்போது அவள் வேலையில்லாமல் நூலகத்தில் உட்கார்ந்து அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள். மூன்றாவது முறையும் தேறவில்லை என்று அந்த வாரம்தான் தெரிந்திருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு, "எங்க போனாலும் மொதல்ல வெளிய போறது நாந்தான்" என்று சிரிக்கப் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். எத்தனையோ நொறுங்கிய வண்டிகளைப் பார்த்தவருக்கு அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை. புத்தகத்தை விரித்து, ஏதோ ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இரும்மா, இங்க ஒரு விதி இருக்கு" என்றார். மிச்சமெல்லாம் அவர் வாயில் தானாக வந்தது. மற்ற இருவரும் தாளில் ஆளுக்கொன்றை அடித்தார்கள். ஈஸ்வரி திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

இப்போது பதில் வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். புத்தகத்தில் இருக்கிற விதிப்படி எழுந்து நின்றதாக நினைத்துக்கொண்டிருப்பவள், பரிதாபப்பட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று தெரிந்தால் என்ன நினைப்பாள்? ஒன்பது வருஷம் பொய் சொன்ன ஆள் முன்னால் மறுபடி வந்து உட்காருவாளா? அந்த நினைப்பிலேயே ஒரு லாரியின் இடப்பக்கக் கண்ணாடியை வலப்பக்கம் என்று எழுதி, அறிக்கை திரும்பி வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மூன்றாவது ஞாயிறு பதில் வந்தது. கிருத்திகா தமிழில் சொன்னாள்: உங்கள் அன்புக்கு நன்றி, எங்களுடைய மூன்று பதிப்புகளையும் தேடிப் பார்த்தோம், அப்படி ஒரு விதி எதிலும் இல்லை, எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

"எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டாள்.

தண்டாயுதபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எந்தப் பக்கத்துலயும் இல்ல. நாஞ் சொன்னதுதான்" என்றார். பாலத்திலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் மறைக்காமல், அறிக்கை வாசிப்பது போலவே சொல்லி முடித்தார். "இனிமே நீங்க வேற யாரையாச்சும் வச்சு நடத்திக்கங்க. படிச்சுச் சொல்ற எடத்துல உக்காந்து பொய் சொல்லிட்டேன்" என்றார்.

முதலில் வாயைத் திறந்தவர் அருள்பாண்டி. "ஏண்ணே, ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுறாக. நீங்க ஒண்ணே ஒண்ணுதான சொன்னீக? அதுக்குப் போயி என் வீரனையெல்லாம் அந்தரத்துல விட்டுட்டு எந்திரிக்கப் பாக்குறீக!"

ஈஸ்வரி சிரிக்கவில்லை. தண்டாயுதபாணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு எதுக்குண்ணே அப்படிச் சொன்னீக? நான் பாவம்னா?"

அவர் யோசித்தார். இல்லாததை எழுதிப் பழக்கமில்லாதவர். "பாவமும் பாத்தேன், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது அப்புறம். நீ இல்லாம அடுத்த ஞாயித்துக்கெழமை எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். எனக்குப் பிடிக்கல."

ஈஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்கப்பறம் ரெண்டு தடவ பரீட்சையில போச்சுண்ணே" என்றாள். "ஆறாந் தடவதான் தேறுனேன். ஒவ்வொரு தடவையும் விட்டுறலாம்னுதான் நெனப்பேன். ஞாயித்துக்கெழமை இங்க வந்து உக்காந்தா, திங்கக்கெழமை மறுபடி படிக்கத் தோணும். அது ஒங்களுக்குத் தெரியாது." நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. "நல்ல வேள, அந்தப் புத்தகத்துல ஒண்ணும் இல்லாமப் போச்சு."

பிறகு கிருத்திகாவின் புத்தம் புது மூன்றாம் பதிப்பைத் தன் பக்கம் இழுத்தாள். பாத்திரம் செத்தால் என்ன செய்வது என்கிற பக்கத்தைத் தேட, கிருத்திகாவே விரித்துக் கொடுத்து, பையிலிருந்து ஜெல் பேனாவையும் எடுத்து நீட்டினாள். பக்கத்தின் அடியில் நாலு விரற்கடை வெள்ளை இடம் இருந்தது.

"சொல்லுங்கண்ணே. நான் எழுதுறேன்."

தண்டாயுதபாணி சொன்னார். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினார். அவள் பேனாவைத் தூக்காமல் காத்திருந்தாள். கோப்புகளில் எழுதி எழுதி வந்த குண்டுகுண்டான அந்தக் கையெழுத்தில் விதி அச்சுக்குக் கீழே ஐந்து வரியாக நின்றது. புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தடவை படித்தார், இன்னொரு தடவை படித்தார். திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குள் மை காய்ந்துவிட்டிருந்தது. அவர் குனிந்து, இரண்டு கையாலும் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த ஐந்து வரியின் மேல் மெல்ல ஊதினார்.