வறுத்ததோ, வறுக்காததோ

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் என் விரல்கள் பித்தளை மணக்கும். நெடுநேரம் கைக்குள் பொத்தி வைத்திருந்த சில்லறைக் காசின் மணமும், புளி போட்டு மினுக்கிய குத்துவிளக்கின் மணமும் சேர்ந்தது போன்ற அந்த மணம், சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். லண்டனின் சட்டன் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றும்போதே அம்மா என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோவார். "என்ன பிள்ளை, கையெல்லாம் விளக்கு மணக்குது? அப்பாவோட கோயிலுக்கும் போயிட்டோ வாறாய்?" என்பார். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குச் சப்பாத்து நாடாவில் அவிழ்க்கவே முடியாத முடிச்சு விழுந்துவிடும். நான் இரட்டைப் பின்னலும் குனிந்த தலையுமாகப் பக்தை முகம் ஒன்றை வைத்துக்கொள்வேன். அந்த முகம் இன்றும் கைவசம் இருக்கிறது. அலுவலகக் கூட்டங்களில் நன்றாக உதவுகிறது.

நாங்கள் போய்வந்தது துவக்குச் சந்தைக்கு.

துப்பாக்கிக்கு எங்கள் பக்கத்தில் 'துவக்கு' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. கதையைக்கூட யாரும் துவக்க முடியாது, தொடங்கத்தான் வேண்டும். பிறந்தநாள் விழா ஒன்றில் எனக்குக் கிடைத்த தண்ணீர்த் துவக்கு ஒரு பொழுதுகூட வீட்டில் தங்கவில்லை. மறுநாள் அதன் இடத்தில் ஒரு ஸ்கிப்பிங் கயிறு இருந்தது. நான் அன்றும் குண்டுப் பிள்ளை என்பதால் இரண்டு நட்டங்களில் எது பெரியது என்று முடிவு செய்யவே சில நாள் பிடித்தது.

சந்தை லண்டனின் தெற்கு ஓரத்தில், பூப்பந்துக் கோடுகள் போட்ட ஒரு விளையாட்டு மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடும். முன்வரிசை மேசைகளில் பழைய பதக்கங்கள், இரும்புத் தொப்பிகள், யாரோ ஒருவரின் தாத்தா போட்டு நடந்த சப்பாத்துகள். பின்பக்க மூலையில், ஈரக் கோட்டுகளும் துவக்கு எண்ணெயும் மணக்கிற இடத்தில், சுட்ட தோட்டாவை எறிந்துவிடாமல் மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்களுக்கான சாமான்கள் இருக்கும். பெரிய பிளாஸ்டிக் வாளிகளில் வெற்றுப் பித்தளைக் கோதுகள். நான் முழங்கை வரைக்கும் கையை விட்டு அளைவேன், சலசலவென்று கொட்டும். கோது, அதற்குள் போடும் மருந்து, மேலே வைக்கும் ஈயக்குண்டான ரவை என்று இந்தத் தொழிலில் மூன்றே மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். மூன்றும் எங்கள் குசினிக்குத் தெரிந்த சொற்கள். முட்டைக்கும் கோது உண்டு, இருமலுக்கும் மருந்து உண்டு, உப்புமாவுக்கும் ரவை உண்டு. அப்பா தப்பித்தது தமிழின் இந்தத் தாராளத்தால்தான்.

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். சந்தை நாளில் கோட்டை மாட்டிக்கொண்டு, "இஞ்சேரும், ரவை வாங்கப் போறன்" என்று உண்மையை உரக்கச் சொல்வார். குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வரும்: "வறுத்ததோ, வறுக்காததோ?"

"கிடைக்கிறதை வாங்குறன்" என்பார் அப்பா.

சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாதென்று திரும்பும் வழியில் தமிழ்க் கடையில் ஒரு பெரிய பைக்கற் ரவையும் வாங்குவார். இதனால் எங்கள் வீட்டு அலுமாரியில் ரவை சேர்ந்தது. காலையில் உப்புமா, பின்னேரம் கேசரி, விருந்தாளி வந்தால் ரவை லட்டு. அம்மாவின் சினேகிதிகள், "உங்கட மனுசன் ரவைக்கெண்டே ஒவ்வொரு மாதமும் சவுத்தால் கடைத்தெரு வரைக்கும் போறாராமே, கெட்டிக்காரன்" என்று மெச்சி, தங்களுக்கும் வாங்கித்தரச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு நான் நிறுக்கிற நிறையில் பாதி அந்த ரவைதான் என்று சொன்னால் மருத்துவர் நம்புவதில்லை.

அப்பா ஏன் அங்கே போனார் என்பதைச் சொல்ல வேண்டும். ஊரில் சண்டைக்குள் இருந்து தப்பி வந்தவர், இங்கே பஸ் ஓட்டினார். நவம்பரில் இந்த ஊர் முழுக்க வாணவெடி விடும். முதல் வெடிக்கே அப்பா சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விடுவார். போக வேண்டும் என்று நினைத்துப் போவதில்லை, உடம்பு தானாகப் போய்விடும். பிறகு வெளியே வந்து, விழுந்த கரண்டியைத் தேடியது போல ஒரு கரண்டியைக் கையில் பிடித்திருப்பார். நானும் அம்மாவும் அந்தக் கரண்டியை மட்டும் பார்ப்போம். ஒருமுறை பஸ் கராஜில் வெடிச்சத்தம் கேட்டு அவர் பாய்ந்து ஒரு பஸ்ஸுக்குக் கீழே புகுந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒருவர் மல்லாக்கப் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். மெக்கானிக் டெரிக். அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. வந்ததுதான் வந்தாய், இந்த டோர்ச்சைக் கொஞ்சம் பிடி என்றாராம்.

டெரிக்தான் பிறகு அப்பாவைத் தன்னுடைய குறிபார்த்துச் சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனவர். அங்கே கடதாசி இலக்குகளைச் சுட்டுப் பழகினார் அப்பா. "அங்க சத்தம் எங்களைத் தேடி வந்தது. இஞ்ச நான் விரலை அசைச்சால்தான் சத்தம் வருது" என்று ஒருநாள் காரில் எனக்குச் சொன்னார். அந்த வருட நவம்பரில் அவர் மேசைக்கு மேலேயே இருந்து சோறு சாப்பிட்டார். கறி மேசை விரிப்பில் சிந்தியது. அம்மா விரிப்பைக் கழுவும்போது பாடிக்கொண்டு கழுவினார். அப்பா ஏன் மாறினார் என்று அம்மாவுக்குத் தெரியாது. எங்களுக்குச் சொல்லவும் ஏலாது.

ஏலாததற்குக் காரணம் சின்னமாமா. அம்மாவின் தம்பி. நான் பார்த்ததில்லை, ஒரு படம்கூட மிஞ்சவில்லை. எவரும் என்னை இருத்தி வைத்துச் சொன்னதில்லை, துண்டு துண்டாகக் காதில் விழுந்ததை நானே பொருத்திக்கொண்டதுதான். அவருடைய பள்ளிக்கூடப் பைக்குள் ஒரு வெற்றுக் கோது இருந்தது. ரோட்டில் கிடந்து பொறுக்கியது, அந்த நாளில் எல்லாப் பிள்ளைகளும் பொறுக்கியது. வீட்டுக்குச் சோதனைக்கு வந்த ஆமிக்காரர்கள் பையைக் கவிழ்த்தார்கள், கோது உருண்டது, பிள்ளையைக் கொண்டுபோனார்கள். அதற்கு மேல் கதை தெரிந்தவர் யாருமில்லை.

ஆகவே துவக்கு கிளப்பின் இரும்புப் பெட்டகத்தில் இருந்தது. நிரப்பும் வேலை டெரிக்கின் கராஜில் நடந்தது. எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டியது என் விரல் மணம் மட்டும்தான்.

சந்தையில் எனக்கு முக்கியமான உத்தியோகம் ஒன்று இருந்தது. மொழிபெயர்ப்பு. அப்பாவுக்கு இங்கிலிஷ் நன்றாகத் தெரியும், கேள்வி கேட்கிற ஆட்களுக்கு முன்னால் மட்டும் மறந்துபோகும். கோது விற்ற மீசைக்காரக் கிழவரோ கேள்விக்கென்றே பிறந்தவர். மருந்து வாங்க டெரிக் தன் பொலிஸ் அனுமதிப் பத்திரத்தை நீட்டினால், வருடக்கணக்காகத் தெரிந்தவர் என்றும் பாராமல் அதையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். வெற்றுக் கோதுக்குப் பத்திரம் தேவையில்லை, ஆனாலும் விடமாட்டார். எதற்கு, எங்கே சுடுகிறாய், யாரோடு? அப்பா விமான நிலையத்தில் நிற்பதுபோல் விறைத்து நிற்பார். "கடதாசிக்குத்தான் எண்டு சொல்லு பிள்ளை." நான், "அப்பாவுக்குப் பேப்பர்களைக் கண்டால் ஆகாது, அதனால் சுடுகிறார்" என்பேன். மீசைக்காரர் முகத்தில் ஒரு கோடும் அசையாமல், "எந்தப் பேப்பரை?" என்று கேட்பார். நான் கூட்டிக் குறைக்காமல் மொழிபெயர்த்த நாள் கிடையாது.

பிறகு எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, டெரிக்குக்கு முழங்கால் போனது. மண்டபத்தில் நின்று தேட அவரால் முடியவில்லை; கோதுகளைக் கம்ப்யூட்டரில் ஓடர் போட்டு எடுக்கலாமாம், நீயே எடுத்துத் தா என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். அப்பா ஒரு விரலால் தட்டினார், நான் பக்கத்தில் இருந்து எழுத்துக் காட்டினேன். பெயர் கேட்டது, காசு அட்டை கேட்டது, அட்டை எந்த வீட்டுக்கோ பார்சலும் அந்த வீட்டுக்குத்தான் என்றது. "இவ்வளவுதானோ? வேறயொண்டும் கேக்காதோ?" என்று அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. தான் வீட்டில் நிற்கிற சனிக்கிழமை பார்சல் வரும், வாசலிலேயே வாங்கி டெரிக்கிடம் கொண்டுபோகலாம் என்பது அவருடைய கணக்கு. பார்சல் வியாழக்கிழமை வந்தது. அப்பா ஷிப்டில் இருந்தார்.

நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா குசினி மேசையில் இருந்தார். முன்னால் பெட்டி திறந்து கிடந்தது. ரவை வறுக்கிற தாச்சிக்குள் கோதுகள் முழுவதையும் கொட்டியிருந்தார். நான் கனவில் எத்தனையோ தடவை பயந்த சத்தமும் அழுகையும் அங்கே இல்லை. ஒரே ஒரு கோது அவருடைய உள்ளங்கையில் இருந்தது.

"தபால்காரன் தந்திட்டு, நல்ல நாளாயிருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டுப் போறான்" என்றார். பிறகு கேட்டார், "பிள்ளை, இதைத் தந்தவன் என்ன கேட்டவன்?"

"கம்ப்யூட்டரில ஒண்டும் கேக்கேல்லை அம்மா."

"அண்டைக்கு வந்தவங்களும் கேக்கேல்லை" என்றார் அம்மா. "ஏன் வச்சிருக்கிறாய் எண்டு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா ஊதிக் காட்டியிருப்பான்."

எனக்கு விளங்கவில்லை. அம்மா கோதின் வாயைக் கீழுதட்டில் பொருத்தி மெதுவாக ஊதினார். முதல் முறை காற்றுத்தான் வந்தது. இரண்டாம் முறை, மெல்லிய, கூரான விசில் ஒன்று எழும்பிச் சட்டன் வீட்டுக் குசினி முழுக்க நின்றது. அம்மாவுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "சின்னவன் பள்ளிக்கூடத்தால வரேக்கை ஒழுங்கை முடக்கில திரும்பேக்கையே ஊதுவான். நான் சோத்தைப் போட்டு வைப்பன்" என்றார்.

அப்பா வந்தபோது நாங்கள் அப்படியே இருந்தோம். அவர் சீருடையோடு வாசலில் நின்று தாச்சியைப் பார்த்தார். அம்மா தலை நிமிராமல் கேட்டார்: "வறுத்ததோ, வறுக்காததோ?"

எத்தனையோ ஞாயிறுகள் என்னைச் சிரிக்கவைத்த கேள்வி அது. அப்பா கதிரையை இழுத்து இருந்தார். கிளப்பை, டெரிக்கை, சந்தையை, மேசையை, விரல் அசைந்தால் மட்டும் வருகிற சத்தத்தை எல்லாம் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். விட்டுவிடுகிறேன் என்றார்.

அம்மா கையிலிருந்த கோதைத் தாச்சிக்குள் போட்டார். "மேசைக்குக் கீழ உங்களைப் பாக்க எனக்கும் ஏலாது" என்றார் கடைசியில். "சுடுங்கோ. வீட்டை கொண்டுவராதேங்கோ. ஒரு வார்த்தை கேக்காமல் தாறவனிட்ட வாங்காதேங்கோ. அந்தச் சந்தைக்காரன் கேக்கிறவனோ? அப்ப நான் ஒருக்கா வந்து பாக்க வேணும்."

அடுத்த சந்தைக்கு அம்மா சேலைக்கு மேல் குளிர்கோட்டோடு வந்தார். எண்ணெய் மணக்கும் மூலைக்கு வந்ததும் அவருடைய கை என் தோளை இறுக்கியது; ஆனால் நடந்தார். வாளிக்கு முன்னால் நின்று ஒரு கோதை எடுத்தார். மீசைக்காரர் வழக்கம்போல நிமிர்ந்து கேட்டார், எதற்கு?

அம்மா அந்தக் கேள்விக்காக எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும். "என்ர தம்பி ஊதுறதுக்கெண்டு சொல்லு" என்றார். சொன்னேன். தம்பிக்கு எத்தனை வயது என்று கேட்டார் அவர். நான் தமிழாக்குவதற்கு முன்பே அம்மாவே இங்கிலிஷில் பதில் சொன்னார்.

"டுவெல்வ்."

மீசைக்காரர் தலையாட்டினார். அம்மாவின் கையிலிருந்ததை வாங்கி ஊதிப் பார்த்து, சரியில்லை என்று வாளிக்குள் போட்டார். இன்னொன்றை எடுத்தார், அதையும் போட்டார். பின்னால் ஆட்கள் நின்றார்கள், அவர் அவசரப்படவில்லை. கடைசியில் ஒன்று கணீரென்று ஒலித்தது. அதைச் சட்டைக் கையில் துடைத்து, இது நல்லாய்க் கேட்கும் என்று சொல்லி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அன்று மட்டும் நான் ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை.

வீட்டில் தங்கிய ஒரே கோது அதுதான். படம் இல்லாத சின்னமாமாவுக்குப் படமாகச் சாமி அலுமாரியில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் விளக்கோடு சேர்ந்து புளி பூசிக்கொள்கிறது.

அந்த மண்டபம் இன்று ஆட்கள் நின்ற இடத்திலேயே ஓடுகிற ஒரு உடற்பயிற்சி நிலையம். மருத்துவர் சொல்லி நானும் சேர்ந்தேன். பழைய ரவையை இறக்கும் முயற்சி. மூச்சு வாங்கி நின்றால், காலுக்குக் கீழே பூப்பந்துக் கோடுகளின் மங்கல் இன்னும் தெரிகிறது. டெரிக் இல்லை. மீசைக்காரரும் இல்லை, அவருடைய மேசையில் இருந்ததெல்லாம் இப்போது திரையில்தான் கிடைக்கிறது. போக்குவரத்து விளக்குகள் உள்ள படங்களைத் தொட்டு நான் மனிதப்பிறவி என்று நிரூபித்தால் அதற்குப் போதும். சந்தை நின்றதும் அப்பாவும் நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டரில் எடுங்கோவன், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அம்மாவே சொல்லிப் பார்த்தார். "கேக்க ஆளில்லை" என்றார் அப்பா. நவம்பர்களில் அவர் மேசைக்கு மேலேதான் இருக்கிறார். விளிம்பை மட்டும் பிடித்துக்கொள்கிறார். அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து கொள்கிறார்.

இருவராலும் கடைக்கு நடக்க முடியாததால் அவர்களுடைய சாமான்களைப் போனிலேயே எடுத்துக் கொடுப்பது இப்போது என் வேலை. போன கிழமை நான் அங்கே நின்றபோது பார்சல் வந்தது. வாசலில் வைத்து, படம் எடுத்துக்கொண்டு, மணியும் அடிக்காமல் போய்விட்டார்கள். அம்மா பெட்டியைத் திறந்து ரவைப் பைக்கற்றைத் தூக்கி, எந்தப் பார்சல் வந்தாலும் கேட்பதையே கேட்டார்.

"பிள்ளை, இதைத் தந்தவன் என்ன கேட்டவன்?"

"வறுத்ததோ, வறுக்காததோ எண்டு கேட்டவங்கள் அம்மா."

அம்மா பைக்கற்றின் வாயை வெட்டினார்.

"அப்ப பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டினார்.