மாமா மறந்துவிட்டுப் போன கத்திரிக்கோல்

பதுளை டவுனில் இரண்டு மாடிக் கட்டிடம் என்னுடையது. பசறை ரோட்டில் ஹாட்வெயார் கடை, மூன்று லொறி, நமுனுகுலப் பக்கம் ஒரு பேக்கரி, எல்லாம் இந்தக் கையால் உண்டாக்கியவை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பராவில் ஆறு பேர் படுத்து எழும்பிய குடும்பம். இன்றைக்குத் தோட்டத்துக் கோவிலுக்குப் பூசியிருக்கிற பெயின்ட்கூட என் கடையிலிருந்து போனதுதான். அப்படிப்பட்ட என்னைப் போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க எல்ல தையல் அம்மாவோட அண்ணன்தானே?" என்று ஒரு பிள்ளை கேட்கிறது. பாதிச் சோற்றிலேயே இலையை மடித்து எழும்பிவிட்டேன்.

தையல் அம்மா என்பது என் தங்கச்சி. எல்ல என்ற ஊரில் அவளுக்கு ஒரு கடை. உடுப்பை அவளே மனதில் கண்டு, அவளே வரைந்து, அவளே வெட்டித் தைப்பாள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. கொழும்பிலிருந்து கல்யாணப் பெண்கள் ரயிலேறி வருகிறார்கள். வெள்ளைக்காரிகள் அவள் கடைப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் பிடிக்கிறார்கள். என் கடைப் பலகை அதைப்போல் நான்கு மடங்கு. ஒருத்தரும் படம் பிடித்ததில்லை.

கடை நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய கத்திரிக்கோலை வைத்திருக்கிறாள். கீழே 'என் மாமா தந்தது' என்று மூன்று பாஷையிலும் எழுதியிருக்கிறாள். அந்தக் கதையில் நானும் இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, அவளுக்குப் பதினொன்று. அம்மாவின் அண்ணன் பதுளையில் தையற்கடை வைத்திருந்தார். கடையில் ஆள் குறைந்துபோகவே, எங்கள் இருவரில் ஒருவரைத் தொழில் பழகக் கூட்டிப்போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வந்தார். எனக்கு ஊசி நூல் என்றால் வேம்பு. ஆனால் டவுன் என்றால் தேன். அங்கே படம் ஓடும், பேக்கரியில் பனிஸ் கிடைக்கும், விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்கிற சத்தம் கேட்காது.

தங்கச்சியோ, கோதுமை மா வந்த சாக்கைக் கழுவிக் காயவைத்து ஆட்டுக்குட்டிக்குச் சட்டை வெட்டுகிறவள். அந்தச் சட்டையோடு குட்டி கொழுந்து மலையில் ஏறி, கணக்கப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்ததைத் தோட்டமே பேசியது. என்னைப் பற்றித் தோட்டம் ஒன்றும் பேசவில்லை. இத்தனைக்கும் அவள் இடது கைக்காரி. "நொட்டாங்கையால வெட்டாதடி, வெளங்காது" என்று அம்மா கரண்டிக் காம்பால் தட்டுவாள்.

மாமா இரண்டு சாக்குத் துணிகளை விரித்து, தன் பெரிய கத்திரிக்கோலை நடுவில் வைத்தார். அதை அத்தைகூடத் தொட முடியாது. காகிதம் வெட்டினால் கையை வெட்டுவேன் என்பார்.

"டேப்பு கெடையாது. கண்ணாலயே அளந்து, உங்கம்மாவுக்கு ஆளுக்கொரு ஜாக்கெட்டு வெட்டுங்க. நான் பீலியில குளிச்சிட்டு வந்து பாக்குறேன்."

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவைத் தங்கச்சி ஒரே ஒரு தரம் பார்த்தாள். பிறகு துணியைத்தான் பார்த்தாள். கரகரவென்று வெட்டி முடித்துத் தண்ணீர் குடிக்கப் போனாள். அடுத்து நான் வெட்டினேன். ஒரு கை யானைக்கு, மற்றது கோழிக்கு. சுற்றுமுற்றும் பார்த்தேன். இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். திரும்பி வந்தவளை முறைத்தேன். அவள் என் துணிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஈரத் தலையோடு வந்த மாமா, அவள் முன்னால் கிடந்த என் கோலத்தைத் தூக்கிப் பிடித்தார். "என்னா மருமகளே, இது உங்கம்மாவுக்கா, தொரையோட குதிரைக்கா?"

பிறகு நல்லதை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அக்குள் வளைவில் விரலை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.

"இத வெட்டுனது யாரு?"

"நான்தான் மாமா."

"இந்தக் கையாலயா?" என்று என் வலது கையைப் பிடித்துப் பார்த்தார்.

"ஆமாங்க மாமா."

"நீ என்னா சொல்ற, நொட்டாங்கை?"

தங்கச்சி கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் வெட்டுனதுதான்" என்றாள்.

அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "எதுக்குண்ணே இந்தப் பரீட்சையெல்லாம்? பொம்பளப் புள்ளைய யாரு டவுனுக்கு அனுப்புவா? அவனயே கூட்டிக்கிட்டுப் போங்க."

ஜெயித்தவன் நான்! துணிப்பையோடு மாமாவுக்கு முன்னால் நடந்தேன். பஸ் புறப்படப்போகும் நேரத்தில்தான் அவர் பை தொளதொளவென்று கிடந்ததைக் கவனித்தேன்.

"மாமா, கத்திரிக்கோலு வீட்டுலயே கெடக்கு! ஓடிப்போய் எடுத்தாறவா?"

"கெடக்கட்டும்."

"அது இல்லாம கடையில எப்புடி?"

"ஒக்காருடா."

உட்கார்ந்தேன். மாமாவுக்கு மறதி வந்துவிட்டது என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

கடையில் ஆறு மாதம் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி ஊதினேன். வெட்டுவதற்கு ஒரு துண்டுத் துணி தரவில்லை மனிதர். லொறியேறி ஓடிப்போனேன். மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இடது கையால் வெட்டினால், வளைவில் கத்திரி நின்று கிளம்பும் தடம் எதிர்ப்பக்கமாக விழுமாம். நரை விழுந்த பிறகு ஒரு தையற்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா விரலை ஓட்டியபோதே கண்டுபிடித்துவிட்டார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. நான் திருடாமலிருந்தாலும் ஆம்பளைப் பிள்ளை எனக்குத்தான் அந்த இடம் என்பதும் தெரியாது. எனக்குக் கிடைத்தது பஸ்ஸில் ஒரு சீட்டு. அவளுக்குக் கிடைத்ததுதான் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

அதற்காக என் பங்கு இல்லையென்று ஆகிவிடுமா? அன்றைக்கு அவள் போயிருந்தால் இன்றைக்கும் யாருடைய கடையிலோ காற்சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். அந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். கத்திரிக்கோலை எடுத்துவர ஓடாமல் உட்கார்ந்தவனும் நான்தான். போன கிழமை கடைக்குப் போய், பெட்டிக்குக் கீழே என் பெயரையும் போடு என்று நேரே கேட்டேன். வாயில் குண்டூசியோடு சிரித்தாள்.

"அண்ணே, திருடுனீங்கன்னு போட்டுறவா?"

வந்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். சரி தங்கச்சி, அப்படியே போடு. மூன்று பாஷையிலும் போடு. என் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பலகையும் ஆணியும் என் கடையிலிருந்து நானே கொண்டுவருகிறேன்.