தம்பியின் வரிசையும் என் வரிசையும்

நவராத்திரி நெருங்கினால் எங்கள் ஒக்கலிபுரம் வீட்டில் பாச்சை உருண்டையும் பழைய செய்தித்தாளும் கலந்த நெடி அடிக்கும். பரணிலிருந்து இறக்கிய பெட்டியைத் திறந்து, கொலு பொம்மைகளைத் தாள் பிரித்துப் படியில் வைப்பது ஏழு வயதிலிருந்தே என் வேலை. பொம்மைக்குப் பொம்மை நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். யாராவது நகர்த்தினால், ஆள் போனதும் மறுபடி அளந்து வைப்பேன். அதே கூடத்தில், என்னைவிட இரண்டு வயது சின்னவனான தம்பி ரகு தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்குவான். ஒன்று கலைந்தாலும் தலையைத் தரையில் மோதிக்கொண்டு அழுவான். அவன் வரிசையைப் பார்த்து அம்மா பயந்தாள், என் வரிசையை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். "எஷ்டு ஜாணே நிம்ம மகளு" என்று எதிர்வீட்டுக் கன்னட ஆன்ட்டி என் சமர்த்தை மெச்சுவார். ரகுவை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், ஆட்டிசம் என்றார்கள். எனக்குப் பட்டுப்பாவாடை வாங்கித் தந்தார்கள்.

கொலுவுக்கு வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டுமே, அதுதான் கண்டம். பக்கத்து வீட்டு சுதா எப்படிச் சிரிக்கிறாள், எத்தனை நேரம் முகத்தைப் பார்க்கிறாள் என்று கவனித்து, கண்ணாடி முன் பழகிக்கொண்டு கிளம்புவேன். ஒரு வருஷம் புத்திகெட்டுப்போய் சுதாவின் அம்மாவிடமே அப்படித் தலைசாய்த்துச் சிரித்துவைத்தேன். "ஏன்டி, எங்க பொண்ணையே கிண்டல் பண்றியா?" என்றார் அவர். அன்று வீடு திரும்பியதும் குளியலறையைச் சாத்திக்கொண்டு, வாளியில் தண்ணீர் விழுவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "பொம்பளப் புள்ளைன்னா கூச்சம் இருக்கத்தான் செய்யும்" என்று அப்பா அதை முடித்துவைத்தார்.

இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் முகத்தைத் தயார் செய்து அலுத்துப்போய், முப்பத்தெட்டு வயதில், போன மாதம் நானே ஒரு டாக்டரைப் பார்த்தேன். ஆட்டிசம் உள்ள பெண் குழந்தைகளில் பலர் மற்றவர்களைப் பார்த்துப் பழகி அதை மறைத்துக்கொள்வதால் வீட்டார் கண்ணுக்கே படுவதில்லை என்றார். உறுதி செய்ய, சிறு வயதில் என்னை அறிந்தவர் ஒருவர் வந்து சொல்ல வேண்டுமாம். அப்பா இல்லை, சுதா குடும்பம் எங்கே போனதென்று தெரியவில்லை, எங்கள் வீடிருந்த இடத்தில் கடைகள் வந்துவிட்டன. அம்மாவை அழைத்துப்போனேன்.

ரகு எந்த மாதத்தில் முதல் சொல் பேசினான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினான் என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். என்னைப் பற்றிக் கேட்டதும், "இவளைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு டாக்டர்? ஒரு தொந்தரவும் கெடையாது. வீட்ல இருக்கறதே தெரியாது" என்றாள்.

பெருமையாகத்தான் சொன்னாள். தம்பியின் குழந்தைப் பருவம் முழுவதும் அவளிடம் பத்திரமாக இருக்கிறது; என்னுடையது யாரிடமும் இல்லை.