மீசையால் அளந்த ஆசியா

ஆசியாக் கண்டத்தை முழுசாகக் கண்டுபிடித்த ஒரே மனிதர் பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்டும் நாகையாதான். கப்பல் ஏறினவன், குதிரை ஏறினவன், வானத்திலிருந்து படம் எடுத்தவன் எல்லாரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இத்தனைக்கும் மனிதர் பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. பிறந்தது காப்பார் என்ற ஊரில். சாத்தே சாப்பிடக் காஜாங் வரை போயிருக்கிறார். உலகப் பயணம் அத்துடன் சரி. மிச்சக் கண்டத்தை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துண்டைக் கட்டி, மீசையைப் பிடித்தே கண்டுபிடித்தார்.

அவருக்கு மீசை கிடையாது. அதுதான் வேடிக்கை.

பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது. தைத்தார்கள். தைத்த இடத்தில் ஒரு முடிகூட முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் வைத்த பேர் 'ஜிப்பு'. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் தங்கை சிரித்த சிரிப்பில், கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு எந்த வீட்டுக்கும் போகவில்லை.

ஒருநாள் மலாய்க்கார டாக்சி ஓட்டுநர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, "மிசாய் கொஞ்சம் குறைச்சிடு, பாஸ்" என்றார். நாகையா கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். மீசை எங்கள் வீட்டு வார்த்தை ஆயிற்றே, இவர் வாய்க்குள் எப்படிப் போனது? அன்றிலிருந்து யார் உட்கார்ந்தாலும் அதே கேள்வி: "உங்க ஊர்ல இத என்ன சொல்வாங்க?" நேபாளக் காவலாளி 'ஜுங்கா' கொடுத்தார். இந்தோனேசியாக்காரர் 'கூமிஸ்' கொடுத்தார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் ஆசியாப் படத்தைக் கடையின் பின்சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வார்த்தையையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்தந்த நாட்டில் குண்டூசியால் குத்தினார். ஒரே குடும்பத்து வார்த்தைகளை ஒரே நூலால் கட்டினார். மீசை, மீச, மீசம், மீசெ என்று தெற்கே நாலு ஊசியைச் சுற்றிய சிவப்பு நூல், கடலைத் தாண்டி வந்து கிள்ளானில் 'மிசாய்' மேல் முடிந்தது. தன் முகத்தில் வராதது கண்டம் முழுக்கச் செழிப்பாக முளைத்திருப்பதை அவர் தினமும் நின்று பார்ப்பார்.

ஜீவனுக்கு இது போதாதா? பதினேழு வயசு. பாரம் ஃபோரோடு, அதாவது பத்தாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பக்கத்துச் சந்தில் கார் கழுவுகிறவன். வேலை முடிந்ததும் இரண்டு கூட்டாளிகளோடு கடை பெஞ்சில் வந்து உட்காருவான்.

"அண்ணே, எங்க கடைக்கு ஒரு வியட்நாம்காரன் வந்தான். மீசைக்கு 'டிங்கிலாப்போ'வாம்."

"அப்படியா?" நாகையா வெட்டிக்கொண்டிருந்த தலையை விட்டுவிட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் கம்போடியாவுக்கு 'ஜம்புலிங்கா'. அதற்கடுத்து லாவோசுக்கு 'கொத்துபொரோ'. ஒவ்வொரு தடவையும் ஜீவன் கூட்டாளிகளைப் பார்த்துக் கண்ணடிப்பான். அவர் முதுகு காட்டியதும் உதட்டை மேலே மடித்து 'ஜிப்பு' மாதிரி நடித்துக் காட்டுவான். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒருநாள் கலைச்சங்கத்து லோகேஸ்வரி அக்கா மகனுக்கு முடிவெட்ட வந்தவர், சுவரைப் பார்த்து வாயடைத்துப் போனார். "அண்ணே, சனிக்கிழமை எல்லா நாட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வரேன். அவங்கவங்க வார்த்தைய அவங்கவங்களே வாசிக்கட்டும். சரியா இருந்துச்சுன்னா, எங்க மண்டபத்துல கண்காட்சிக்கு வைக்கிறோம். பக்கத்துல உங்க படமும் இருக்கும் லா."

நாகையா கையால் உதட்டை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

"செத்தாருடா ஜிப்பு!" என்றான் ஜீவன் வெளியே வந்து. "கம்போடியாக்காரன் ஜம்புலிங்காவ வாசிக்கிறப்ப நான் முன்வரிசைல நிப்பேன்."

சனிக்கிழமை மதியமே வந்துவிட்டான். கடைக்குள் ஆள் இல்லை. நாகையா மட்டும், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய புதுச் சட்டை மடிப்புக் கலையாமல், கண்ணாடிக்கு முன் நின்றிருந்தார். கையில் கண்மைப் பென்சில். தழும்பின் மேல் மெதுவாக ஒரு மீசை வரைந்தார். இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். சிரித்துப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தார். மை போகவில்லை, முகமெல்லாம் அப்பிக்கொண்டது. சோப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

வாசலில் நின்ற ஜீவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்திருக்க வேண்டும். வராத சிரிப்பைத் திட்டிக்கொண்டே உள்ளே நுழைந்து, நேராக வரைபடத்துக்கு ஓடினான். அவர் வருவதற்குள் மூன்று ஊசி. அவ்வளவுதான்.

அதுவரை அவன் அந்தப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை. வியட்நாமைத் தேடினான். ஊசி இல்லை. கம்போடியாவில் இல்லை. லாவோஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"என்னடா தேடுற?"

பக்கத்துக் கண்ணாடியில் நாகையாவின் ஈர முகம். பின்கட்டு வாசலில் நின்றிருந்தார்.

"புது வார்த்தைண்ணே. மங்கோலியா. குத்த வந்தேன்."

"மங்கோலியா மேல இருக்கு. நீ தேடறது நிலத்துல இல்ல. கடல்ல பாரு."

பார்த்தான். நீலத் தண்ணீரில், ஒரு தீவுகூட இல்லாத இடத்தில், மூன்றும் வரிசையாகக் குத்தியிருந்தன. டிங்கிலாப்போ. ஜம்புலிங்கா. கொத்துபொரோ.

"எப்... எப்ப தெரியும்?"

"முதல் நாளே. சுத்தி கண்ணாடி வச்ச கடையில உக்காந்து கண்ணடிச்ச முட்டாள் நீ ஒருத்தன்தான்."

கண்ணடித்தது தெரியும் என்றால், உதட்டை மடித்ததும் தெரியும். ஒவ்வொரு தடவையும். ஜீவனுக்குக் காது சுட்டது.

"வர்றவங்க இது என்னன்னு கேட்டா?"

"அங்க ஒரு பொறுக்கி தனியா குடியிருக்கான், அவன் பாஷைன்னு சொல்வேன்." நாகையா கிட்டே வந்தார். "பிடுங்கத்தானே வந்த?"

"சே, இல்லண்ணே! குத்தத்தான் வந்தேன்."

நாகையா அவன் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணாடிக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"கை நடுங்குது பாரு. என்கிட்ட அத்தன பொய் சொன்ன, ஒருநாளும் நடுங்கினதில்லையேடா."