பிரஸ்ஸா, பேக்கிங்கா?

ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்குப் பழகாத விஷயம் ஒன்று உண்டு. காலை ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் பொத்தாம்பொதுவாக ‘மோர்கன்’ என்று காலை வணக்கம் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நேரே மெஷினிடம் போய்விடுகிறார்கள். எனக்கோ முகம் பார்க்காமல் வேலையே ஓடாது! கும்மிடிப்பூண்டியில் லைன் லீடராக இருந்தபோது, பொன்னேரியில் கம்பெனி பஸ் ஏறியதுமே என் வேலை தொடங்கிவிடும். யார் அழுதிருக்கிறார்கள், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் தொழிற்பேட்டை வாசல் வருவதற்குள் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர்களை அன்றைக்குத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் நிறுத்தமாட்டேன். கவனம் சிதறினால் விரல் போய்விடும். காரணம் கேட்காமல் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவேன். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இங்கே குரூப் லீடர் பதவி கிடைத்தது. முதல் ஆறு மாதம் ப்ரோபேஷன். ஐந்தாவது மாதம் ஒரு காலையில் பிர்கிட் கண் வீங்கி வந்தாள். இருபது வருடமாகப் பிரஸ்ஸில் நிற்கிறவள். பழைய புத்தி சும்மா இருக்குமா? “இன்று நீ பேக்கிங்” என்றேன். நேரே பேக்கிங்குக்குப் போனாள். எவ்வளவு அழகாகப் புரிந்துகொண்டாள் என்று பூரித்துப்போனேன். மறுநாளே ‘பெட்ரீப்ஸ்ராட்’ என்கிற தொழிலாளர் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. காரணமில்லாமல் நான் தன்னைத் தரம் இறக்கிவிட்டதாகப் பிர்கிட் புகார் கொடுத்திருந்தாள். பதவி போய்விடுமோ என்று பயந்தேன்.

விசாரணையில் அவளைப் பார்த்து, “நீ அழுதிருந்தாய். கேட்டால் மனம் நோகும் என்று கேட்கவில்லை” என்றேன்.

“என் கணவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். அன்றைக்கு என் கைக்கு அடங்கியது அந்தப் பிரஸ் ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றாள் பிர்கிட். மனதார மன்னிப்புக் கேட்டேன். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

ஊருக்கு ஒரு வழக்கம் என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் மனம் ஆறாமல் எஸ்தருக்கு போன் போட்டேன். கும்மிடிப்பூண்டியில் என் லைனில் இருந்தவள். அவள் அப்பா இறந்த சமயம் அவளையும் இப்படித்தான் மாற்றினேன்.

“அன்னிக்கு உனக்கு நிம்மதியா இருந்திச்சு இல்ல?”

“இன்னா நிம்மதி? ரெண்டு நாளு உன்ன திட்டிக்கினேதான் டப்பா ஒட்னேன். ஊட்லதான் பாவம் பாவம்னு உக்கார வச்சிட்டாங்கன்னா, நீயுமாடீ?”

அடிப்பாவி! இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறாள்.

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“நீதான லீடரு. உன்கிட்ட யாரு சொல்றது?”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போனை வைத்த பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உற்சாகமாகவும் இருந்தது. இத்தனை வயதில் தொழிலைப் புதிதாகக் கற்றுக்கொண்டேனே!

பதவி நிலைத்துவிட்டது. இப்போதும் வாசலில் நின்று முகம் பார்க்கிறேன். பார்த்துவிட்டுக் கேட்கிறேன்: “இன்று பிரஸ்ஸா, பேக்கிங்கா?” சிலர் சிரிக்கிறார்கள், சிலர் யோசித்துப் பதில் சொல்கிறார்கள்.

போன வாரம் ஊரில் தம்பிக்குக் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை. தாலி கட்டியதை ரயிலில் போனில் பார்த்துக்கொண்டே வேலைக்கு வந்தேன். குனிந்தபடி ‘மோர்கன்’ என்று சொல்லிவிட்டு நடந்தேன். பிர்கிட் வழியை மறித்து நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

“இன்று பிரஸ்ஸா, பேக்கிங்கா?”

பொன்னேரி பஸ்ஸில் இருக்கிறேனா, இங்கே நிற்கிறேனா என்று ஒரு நொடி எனக்கே தெரியவில்லை.

“பிரஸ்” என்றேன்.