உதிரி மிளகு

மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டு ஊர்களில் பாதி வீடுகளில் ஆண்கள் இல்லை. கட்டட வேலைக்கு மலையிறங்கிப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரராவது மலையிலேயே பிழைக்கவேண்டும் என்பதுதான் என் ஒரே பிடிவாதம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேறென்ன ஆசைப்படுவது?

இருவரும் ஒரே தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போவோம். அவர் ஏணி சாய்த்து மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் ஏறுவார், நான் கீழே. பறித்தது தோட்டக்காரருக்கு. கீழே உதிர்ந்ததை வேலை முடிந்தபின் பெண்கள் பொறுக்கிக்கொள்ளலாம். அது வழக்கம்.

கூலி வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகிவிடும். எண்ணெய், சோப்பு, மகளுக்குக் காய்ச்சல் மருந்து எல்லாம் உதிரி மிளகில்தான். அதனால் மேலே இருப்பவர்களின் கை கொஞ்சம் தாராளமாகவே நழுவும். தோட்டக்காரருக்கும் அது தெரியும். கூலியைக் கூட்டிக் கேட்டால், “அதான் உதிரி இருக்குதல்ல கண்ணு” என்று சிரிப்பார். உழைத்த கூலியை நிமிர்ந்து கேட்கவேண்டியவர்களைத் திருட்டு முழி முழிக்க வைத்த வழக்கம். எனக்கு அது பிடித்ததே இல்லை.

ஒரு வருஷம் பறிப்புக்குப் போனால் மரத்தடி எங்கும் தார்ப்பாய் விரித்திருந்தது. இனி உதிர்வதும் தோட்டக்காரருக்கே. கூலி மட்டும் பழையபடி.

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் ஏணியைப் பார்த்தார். பாம்புக்கும் நோகாமல் பாம்படித்த கோலுக்கும் நோகாமல் பேசுகிற மனிதர். நான்தான் தோட்டக்காரரிடம் வாயைத் திறந்தேன்.

“ஏனுங்க, உதிரிய நீங்களே எடுத்துக்கோங்க. உங்க மிளகுதானுங்க. கூலியக் கூட்டிக் குடுத்துருங்க. திங்கறதுக்கும், புள்ளைக்கு முடியலீன்னா ஆஸ்பத்திரிக்கும் பத்தற மாதிரி.”

தோட்டக்காரர் கெட்டவர் இல்லை. எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது தன் ஜீப்பையே அனுப்பியவர்.

“நா மட்டும் கூட்டிக் குடுத்தா மத்த தோட்டக்காரங்க சும்மா உடுவாங்களா? ஊர்க்கூலி எதுவோ அதத்தான் குடுக்கறேன். உங்க ஊட்டுச் செலவுக்கெல்லாம் நானா பொறுப்பு?”

“ஊட்டுச் செலவுக்கு இல்லீங்க. நாளெல்லாம் உங்க மரத்துல ஏறுற ஆளு உசுரோட இருக்கணுமல்ல, அதுக்கு நீங்கதானுங்க பொறுப்பு.”

அவர் அடுத்த மரத்தடிக்குப் போய்விட்டார். இரக்கப்பட்டு ஜீப் அனுப்புவார். கூலி என்றால் கை வராது. யார் தயவும் இல்லாமல் வாழ நினைத்தது அவ்வளவு பெரிய பேராசையா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே வேலை செய்தேன்.

பறிப்பு முடிந்ததும் வீட்டுக்காரர் கோயம்புத்தூருக்குக் கிளம்பினார். நான் தடுக்கவில்லை. எதைச் சொல்லித் தடுப்பது? சோளக்காடு பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏற்றிவிட்டோம். இடுப்பிலிருந்த மகள் பஸ்ஸைப் பார்த்துக் கைதட்டினாள். இடையில் வந்துபோனால் வேலை போய்விடும் என்று அவர் அடுத்த பொங்கலுக்குத்தான் வந்தார். அதுவரை அவள் போனில் குரலை மட்டும் கேட்டிருந்தாள்.

பையோடு வாசலில் நின்றவரை மகள் ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லும்படி நான் பழக்கியிருந்ததைத் திருத்தமாகச் சொன்னாள்.

“வாங்க. உக்காருங்க.”

சொல்லிவிட்டு என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பையை இறக்கிவைக்காமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.